வைரஸ் தொற்றால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இஇஜி கண்காணிப்பு: புதிதாகப் பொறுப்பேற்போருக்கான வழிகாட்டி

வைரஸ் தொற்றுடன் அனுமதிக்கப்பட்ட ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசத் தொடங்கினாலோ, காய்ச்சல் தணிந்த பின்னும் கண் திறக்காமல் கிடந்தாலோ, வலிப்பு நின்று வெகுநேரமாகியும் நினைவு திரும்பாமல் இருந்தாலோ, மூளை மின்னலைப் பதிவு, அதாவது இஇஜி, எடுக்கச் சொல்லி எழுதுவது வழக்கம். எழுதுவது எளிது, எடுத்த பதிவிலிருந்து சிகிச்சைக்கு உதவும் விடையைப் பெறுவதுதான் கடினம். நரம்பியல் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், இஇஜி டெக்னீஷியன்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு, ஒரு பதிவைக் கேட்பதிலிருந்து அறிக்கை எழுதுவது வரையிலான வேலைகளை வரிசைப்படி விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இஇஜி வைரஸின் பெயரைச் சொல்லாது. மூளைப் புறணியின் இயக்கம் எந்த அளவுக்குக் குலைந்திருக்கிறது, அந்தக் குலைவு ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா பரவியிருக்கிறதா, வெளியே தெரியாத வலிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதா என்பவற்றையே அது காட்டும். அவற்றையும் அலைகள் தனித்துக் காட்டுவதில்லை. படுக்கையருகே எழுதிய குறிப்புகளோடும் முந்தைய பதிவோடும் பொருத்திப் பார்த்தால்தான் அவை விளங்கும். எனவே இந்த வேலையில் பாதி, திரையைப் பார்ப்பது. மறுபாதி, நோயாளியைப் பார்த்து நேரத்தோடு எழுதி வைப்பது.

யாருக்கு, எப்போது

வைரஸ் மூளையழற்சி இருக்கலாம் என்ற ஐயம் எழும் ஒவ்வொரு நோயாளிக்கும் குறைந்தது ஒரு முறையாவது இஇஜி எடுப்பது நல்லது. 2013இல் பன்னாட்டு மூளையழற்சி நிபுணர் குழு வெளியிட்ட வரையறையின்படி, வேறு காரணம் தென்படாத நிலையில் 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் உணர்வுநிலை மாற்றம் முதன்மை அளவுகோல். காய்ச்சல், வலிப்பு, புதிய நரம்பியல் குறைபாடு, தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருத்தல், ஸ்கேனில் மாற்றம், மூளையழற்சிக்குப் பொருந்தும் இஇஜி மாற்றம் ஆகியவை துணை அளவுகோல்கள். இவற்றில் இரண்டு இருந்தால் மூளையழற்சி இருக்கக்கூடும் என்றும், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அநேகமாக அதுவே என்றும் கொள்வார்கள். ஆக, இஇஜி நோயறிதலிலும் பங்கு பெறுகிறது. ஆனால் அதற்காகக் காத்திருக்கக்கூடாத ஒன்று உண்டு. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வரும் மூளையழற்சி என்ற ஐயம் வந்தவுடன் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். சிகிச்சை இல்லாத காலத்தில் அந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இறந்தார்கள். இஇஜி அறை காலையில்தான் திறக்கும் என்பது மருந்தைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

அவசரமாகக் கேட்க வேண்டிய சூழல்கள் சில. வலிப்பு நின்றதாகத் தோன்றியும் நினைவு திரும்பாத நோயாளி. தண்டுவட நீரும் ஸ்கேனும் காட்டும் பாதிப்புக்குப் பொருந்தாத ஆழத்தில் மயக்கத்தில் இருப்பவர். கண் ஒரு பக்கமாக இழுத்தல், உதட்டோரத் துடிப்பு, கட்டைவிரல் மட்டும் அசைதல் போன்ற சிறு அறிகுறிகள் தென்படுபவர். வென்டிலேட்டருக்காகத் தசைத் தளர்ச்சி மருந்து கொடுக்கப்பட்டு, வலிப்பு வந்தாலும் உடலில் வெளிப்பட வழியில்லாதவர். கடைசியாகச் சொன்னவரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பச்சிளங் குழந்தைகளில் வலிப்பு இன்னும் மறைவானது. சூப்புவது போன்ற வாய் அசைவோ, சற்று நேர மூச்சுத் தடையோ மட்டுமே வெளியே தெரியும்; பல சமயம் அதுவும் தெரியாது. பிறந்த சில வாரங்களில் ஹெர்பிஸ் தொற்று மூளைக்குப் பரவியிருக்கும் என்ற ஐயம் இருந்தால், அசைவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தொடர் பதிவு கேட்பதே சரி.

எவ்வளவு நேரம்

சாதாரணப் பதிவு 20 முதல் 30 நிமிடம் ஓடும். விழித்திருக்கும், ஆனால் குழம்பியிருக்கும் நோயாளியின் பின்னணி அலையை மதிப்பிட அது போதும். மயக்கத்தில் இருப்பவரிடம் வலிப்பு இல்லை என்று சொல்ல அது போதாது. 2004இல் வெளியான, 570 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வொன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பல்வேறு காரணங்களால் தொடர் கண்காணிப்பில் வைக்கப்பட்ட அவர்களில் 110 பேரிடம் வலிப்பு பதிவானது. அந்த 110 பேரில் 92 விழுக்காட்டினருக்கு உடலில் எந்த இழுப்பும் இல்லாத வலிப்பு மட்டுமே இருந்தது. 88 விழுக்காட்டினரிடம் முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குள் அகப்பட்டுவிட்டது. ஆனால் கோமாவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதற்கும் மேல் நேரம் தேவைப்பட்டது. விழிப்போடு இருப்பவருக்கு 24 மணி நேரம், கோமாவில் இருப்பவருக்கு 48 மணி நேரம் என்று பல பிரிவுகள் வகுத்துக்கொண்டிருப்பதற்கு இத்தகைய கணக்குகளே அடிப்படை.

தொடர் பதிவு வசதி எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் ஒரே நீண்ட பதிவுக்காக ஏங்குவதைவிட, ஒரு மணி நேரப் பதிவைக் காலையும் மாலையும் எடுத்து ஒப்பிடுவது நடைமுறைக்கு ஏற்றது. முதல் அரை மணி நேரத்தில் வலிப்பலைக் கூர்கள், அதாவது வலிப்பைச் சுட்டும் கூர்மையான அலைகள், எதுவும் தென்படாவிட்டால் பின்னர் வலிப்பு அகப்படும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதால், இருக்கிற கருவியை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவுசெய்யவும் அந்தத் தொடக்கப் பதிவு உதவும்.

பதிவுக்கான வேண்டுகோளில் “உணர்வுநிலை மாற்றம், இஇஜி எடுக்கவும்” என்று மட்டும் எழுதுவது பயனற்றது. நோயின் எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, கடைசி வலிப்பு எப்போது, கொடுக்கப்பட்ட மயக்க மருந்தும் வலிப்பு மருந்தும் எவை, எந்த அளவில், கடைசி டோஸ் எந்த நேரம், சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் அளவுகள் என்ன, முக்கியமாக, நீங்கள் கேட்கும் கேள்வி என்ன என்பதை எழுதுங்கள். இந்த ஐந்தாறு வரிகள் இல்லாத வேண்டுகோளுக்கு ஐந்தாறு வரி கொண்ட பொத்தாம் பொதுவான அறிக்கையே திரும்பி வரும்.

அறைக்குள் நுழைவதற்கு முன்

எந்த வைரஸ், எவ்வழியே பரவுகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். தட்டம்மை, சின்னம்மை, கொரோனா போன்றவை காற்றில் பரவும். அங்கே பொருத்தம் பார்த்த என்95 முகக்கவசம் தேவை. கொசு கடித்துப் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் டெங்குவும் நோயாளியின் மூச்சால் ஒட்டுவதில்லை. அங்கே வழக்கமான முன்னெச்சரிக்கைகள் போதும். தட்டம்மை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தோன்றும் எஸ்எஸ்பிஇ என்ற மூளை நோய் கொண்டவரைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. காரணம் இன்னும் தெரியாத நோயாளியிடம், தெரியும்வரை உயர்ந்த பாதுகாப்பையே கடைப்பிடிப்பது உத்தமம்.

தேவையான பொருள்கள் அனைத்தையும் வெளியிலேயே எடுத்து அடுக்கிக்கொள்ளுங்கள்: தலையில் ஒட்டி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மின்முனைகள், பசை, தோல் தேய்க்கும் ஜெல், அளவு நாடா, குறியிடும் பென்சில், துணிச்சுருள். மின்முனை இணைப்புப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டால் பின்னர் துடைப்பது எளிதாகும். கணினியைப் படுக்கையிலிருந்து தள்ளி, முடிந்தால் கதவுக்கு வெளியே வைத்து, நீண்ட கம்பி மூலம் இணைக்கலாம். தொற்று கடுமையாக உள்ள அறையில், குறைந்த எண்ணிக்கையிலான மின்முனைகளைக் கொண்டு பதிவெடுத்து, அறைக்குள் இருக்கும் நேரத்தைக் குறைப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் சிறிய, ஓரிடத்துக் குறைகள் நழுவிப்போகக்கூடும் என்பதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

மின்முனைகளைப் பொருத்துதல்

1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் தொகுத்து வெளியிட்ட பன்னாட்டுப் பத்து-இருபது முறையே இன்றும் அடிப்படை. மூக்கின் வேரில் உள்ள பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டை மேடு வரை நாடாவை ஓட்டுங்கள். 36 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து விழுக்காடு 3.6 செ.மீ.; மூக்கு வேரிலிருந்து அவ்வளவு தூரத்தில் முதல் குறி. அங்கிருந்து இருபது விழுக்காடு, அதாவது 7.2 செ.மீ. வீதம் நான்கு முறை அளந்தால் பின்மண்டைக் குறி வந்து சேரும். அதற்கும் மேட்டுக்கும் இடையே மீண்டும் 3.6 செ.மீ. மீதமிருக்க வேண்டும். மீதம் சரியாக வரவில்லை என்றால் நாடா எங்கோ விலகியிருக்கிறது. இரு காதுகளுக்கு முன்னுள்ள குழிகளுக்கு இடையே குறுக்கிலும், பிறகு தலையைச் சுற்றியும் இவ்வாறே அளக்க வேண்டும். ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம்.

கண்ணளவில் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் பரபரப்பான பிரிவுகளில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு பக்க மின்முனைகள் ஒரு சென்டிமீட்டர் நெருங்கிவிட்டாலே அந்தப் பக்கத்து அலை சிறுத்துத் தெரியும். காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதிகளில் ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடும் நோயாளியிடம் இதைவிட மோசமான ஏமாற்றம் வேறில்லை.

மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான மின்மறுப்பை 5 கிலோஓமுக்குக் கீழ் கொண்டுவர முயலுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 வரை ஏற்கலாம். எண்ணின் அளவைவிட எல்லா மின்முனைகளிலும் அது ஏறத்தாழ ஒன்றாக இருப்பது முக்கியம். தோலை அழுத்தித் தேய்க்கும்போது யாருக்கு என்ன நோய் என்பதை மறக்கக்கூடாது. டெங்குவில் ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அங்கே மென்மையாகத் தேய்ப்பதோடு, ஊசி மின்முனைகளைத் தவிர்க்க வேண்டும். தொடர் பதிவில் நாளுக்கு ஒரு முறையாவது மின்முனையின் அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். நெற்றியிலும், நோயாளி அசையாமல் படுத்திருப்பதால் பின்மண்டையிலும் புண் எளிதில் உண்டாகும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருந்தால், அதற்கென்றே தயாரித்த மின்முனைகளாக இல்லாதபட்சத்தில், அனைத்தையும் கழற்றிவிட்டே அனுப்ப வேண்டும்.

பதிவு ஓடும்போது

வழக்கமான தொடக்க அமைப்பு இதுதான்: உணர்திறன் மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட், திரையில் பத்து விநாடி, அதிவேக அலைகளைக் குறைக்கும் மேல்வடிகட்டி 70 ஹெர்ட்ஸ், மிக மெதுவான அலைகளைக் குறைக்கும் கீழ்வடிகட்டி 0.5 அல்லது 1 ஹெர்ட்ஸ். மூளையழற்சியில் நாம் தேடுவது பெரும்பாலும் மெதுவான அலைகளை என்பதால் கீழ்வடிகட்டியை உயர்த்தித் திரையை அழகாக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். மின்சார இரைச்சலை நீக்கும் வடிகட்டியையும் முதலிலேயே போடாமல், இரைச்சலின் காரணத்தைத் தேடிப் பார்த்த பிறகே போடுங்கள். இதயத் துடிப்புக்கு ஒரு தடம் கட்டாயம் வேண்டும். காணொளி இருந்தால் மிகவும் நல்லது. கேமரா நோயாளியின் முகத்தையும் கைகளையும் நோக்கி இருக்கிறதா, போர்வை மறைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

தூண்டல் சோதனையை நாள்தோறும் ஒரே வரிசையில் செய்யுங்கள். முதலில் பெயர் சொல்லி அழைத்தல், பிறகு கை தட்டல், தோளைத் தொட்டு அசைத்தல், இமையைத் திறந்து விடுதல், இறுதியாக நகத்தடியை அழுத்துதல். ஒவ்வொன்றுக்கும் இடையே சில விநாடிகள் விட்டு, எதை எப்போது செய்தீர்கள் என்று பதிவிலேயே குறியிட வேண்டும். தூண்டலுக்கு அலை மாறுகிறது என்றால் அது பொதுவாக நல்ல அறிகுறி. எந்தத் தூண்டலுக்கும் அசையாத அலை கவலைக்குரியது. ஆனால் குறியே இடாத பதிவில் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மூச்சை வேகமாக இழுத்துவிடச் செய்யும் பயிற்சியைச் சுவாசத் தொற்று உள்ளவர்களிடம் தவிர்த்துவிடலாம்.

செவிலியரின் பங்கு இங்கேதான் பெரிது. சளி உறிஞ்சியது, பக்கம் திருப்பியது, மிடாஸோலாம் என்ற மயக்க மருந்து கொடுத்தது, முகம் துடித்தது, காய்ச்சல் 39.5 டிகிரியைத் தொட்டது என ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறிக்க, படுக்கையருகே உள்ள நிகழ்வுப் பொத்தானை அழுத்தினால் போதும். கருவியின் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் மருந்துப் பதிவேட்டின் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேறுபாடு இருந்தால், மருந்துக்கு முன் நின்ற வலிப்பு மருந்தால் நின்றதாக எழுதப்பட்டுவிடும்.

பொய்யலைகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளையிலிருந்து வராத அலைகள் ஏராளம். ஓர் எடுத்துக்காட்டு. வென்டிலேட்டர் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நீர் குலுங்க, திரையில் ஐந்து விநாடிக்கு ஒரு முறை சிறு அலைக் கொத்து ஒன்று எழுகிறது. பார்ப்பதற்கு அச்சு அசலாக, குறித்த இடைவெளியில் மீளும் கூரலைத் தொடர்போலவே இருக்கும். வென்டிலேட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று காட்டுகிறது. ஐந்து விநாடிக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. குழாய் நீரை வடித்துவிட்டால் அலைக் கொத்து மறைந்துவிடும். இதற்கு அறிவுநுட்பம் எதுவும் தேவையில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்துப் படுக்கையைப் பார்த்தால் போதும்.

நாடித் துடிப்பின் மேல் அமர்ந்த மின்முனை, டயாலிசிஸ் இயந்திரம், மார்பைத் தட்டிச் சளி இளக்கும் பிசியோதெரபி, காய்ச்சல் வியர்வையால் மெதுவாக ஆடும் அடிக்கோடு, பல் கடித்தல், நடுக்கம் ஆகியவையும் இப்படியே ஏமாற்றும். ஒரே ஒரு மின்முனையில் மட்டும் தெரிந்து அக்கம்பக்கத்தில் சற்றும் பரவாத எதையும் முதலில் சந்தேகியுங்கள்.

வாசிக்கும் வரிசை

கூர்களைத் தேடி ஓடாமல் பின்னணியிலிருந்து தொடங்குங்கள். விழித்திருக்கும் பெரியவரிடம் தலையின் பின்பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை தெரியும். கண் திறந்தால் அது தணியும். பாதிப்பு கூடக்கூட அது முதலில் மெதுவாகி, 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள் தீட்டாவாகவும், பின்னர் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டாவாகவும் மாறும். மேலும் மோசமானால் அலைவெடிப்பும் அமைதியும் மாறி மாறி வரும். இறுதியில் அமைதி மட்டுமே மிஞ்சும். குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் வயதுக்கேற்ப மாறும். ஒரு வயதுக் குழந்தையின் இயல்பான அலை, பெரியவரிடம் இருந்தால் கோளாறு. தூக்க அலைகள் தென்படுகின்றனவா என்றும் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவரிடம் தூக்கத்துக்குரிய கதிர் (ஸ்பிண்டில்) அலைகள் ஒழுங்காக வந்தால் அது ஆறுதலான செய்தி.

அடுத்து, இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. அதன் பிறகே கூர்களும் மீளலைகளும். இவற்றை விவரிக்க அமெரிக்கன் கிளினிக்கல் நியூரோபிசியாலஜி சொசைட்டி 2021இல் திருத்தி வெளியிட்ட சொல்முறையை உலகின் பல பிரிவுகள் பின்பற்றுகின்றன. ஒரு பக்கத்தில் குறித்த இடைவெளியில் மீள்பவை எல்பிடி. இரு பக்கமும் ஒரே சமயத்தில் வருபவை ஜிபிடி. இரு பக்கங்களிலும் தத்தம் போக்கில் தனித்தனியே வருபவை பிஐபிடி. புதியவர்கள் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் விநாடிக்கு எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, தூண்டலால் எழுகிறதா என்று எண்ணி எழுதப் பழகுவது பயன் தரும்.

வலிப்பு என்று எப்போது சொல்லலாம்? வலிப்பலைக் கூர்கள் விநாடிக்குச் சராசரியாக 2.5 முறைக்கு மேல், குறைந்தது பத்து விநாடி தொடர்ந்தால், அதாவது பத்து விநாடிப் பக்கமொன்றில் 25க்கு மேல் எண்ண முடிந்தால், அது வலிப்பு. அந்த வேகம் இல்லாவிட்டாலும், அலையின் வேகமோ உருவமோ இடமோ படிப்படியாக மாறிக்கொண்டு பத்து விநாடியோ அதற்கு மேலோ ஓடினால், அதுவும் வலிப்புதான். இத்தகையது தொடர்ந்து பத்து நிமிடம் நீடித்தாலோ, ஒரு மணி நேரப் பதிவில் 20 விழுக்காட்டை, அதாவது 12 நிமிடத்தை, எட்டினாலோ அதைத் தொடர்வலிப்பு நிலை என்கிறார்கள். விநாடிக்கு ஒன்றுக்கு மேல், ஆனால் 2.5க்கு மிகாமல் வருபவை இரண்டுங்கெட்டான் நிலை. அனுபவசாலிகளே இங்கு கருத்து வேறுபடுவார்கள். சிறிய அளவில் பென்சோடயஸபின் வகை வலிப்படக்கும் மருந்து கொடுத்து, அலை அடங்குகிறதா, நோயாளி தெளிகிறாரா என்று ஒருங்கே பார்ப்பதுண்டு. அலை மட்டும் அடங்கி நோயாளி தெளியவில்லை என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. வலிப்பல்லாத அலைகள் பலவற்றையும் பென்சோடயஸபின் அடக்கக்கூடும்.

வண்ணப் பட்டையாகப் பல மணி நேரத்தைச் சுருக்கிக் காட்டும் அளவீட்டு இஇஜி, எங்கே பார்க்க வேண்டும் என்று சுட்டுவதற்குச் சிறந்த துணை. அதை மட்டும் பார்த்து வலிப்பு என்று முடிவு கட்டக்கூடாது. பட்டையில் சந்தேகம் எழுந்த இடத்தில் மூல அலையைத் திறந்து பார்த்தே எழுத வேண்டும்.

சில வைரஸ்கள், சில சாயல்கள்

வைரஸின் பெயரை இஇஜி சொல்லாது என்றேன். எனினும் சில சாயல்கள் ஒரு திசையைக் காட்டும். அவற்றுள் முதன்மையானது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். எடுத்துக்காட்டாக, இடப் பொட்டுப் பகுதியில் மெதுவான டெல்டா அலை. அதன் மேல், ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று விநாடி இடைவெளியில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் மீண்டும் மீண்டும் ஒரு கூரலை. வலப்பக்கம் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது. நோயாளிக்கு மூன்று நாள் காய்ச்சல், பேச்சுக் குழறல், விநோதமான நடத்தை. இத்தகைய பக்கத்தைப் பார்த்தால் சிகிச்சைக் குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள். அறிக்கை தட்டச்சாகி வரும்வரை காத்திருக்காதீர்கள். தண்டுவட நீரின் பிசிஆர் முதல் சில நாள்களில் பொய்யாக இல்லை என்று வரக்கூடும் என்பதால், அந்த வேளையில் இப்பதிவு மருந்தைத் தொடரவும் நீரை மீண்டும் எடுத்துப் பார்க்கவும் காரணமாக அமையும். இம்மீளலைகள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தோன்றி மறைபவை, எல்லோரிடமும் வருவதில்லை. பக்கவாதம், கட்டி, சீழ்க்கட்டி ஆகியவற்றிலும் இதே எல்பிடி வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்பிஇயில் காட்சி வேறு. இரு பக்கமும் ஒரே சமயத்தில், மிக உயரமான அலைக் கூட்டு ஒன்று 4 முதல் 10 விநாடிக்கு ஒரு முறை எழும். அதோடு ஒட்டியே தலை தொங்குதலோ உடல் உதறலோ வரும். டயஸபாம் என்ற பென்சோடயஸபின் மருந்து கொடுத்தாலும் அலைக் கூட்டு மறைவதில்லை. பத்து விநாடித் திரையில் ஒன்றோ இரண்டோதான் தெரியும் என்பதால் புதியவர் கண்ணில் இது படாமலே போகலாம். திரையை இருபது அல்லது முப்பது விநாடியாக விரித்துப் பார்த்தால் ஒழுங்கு பளிச்சென்று தெரியும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பரவலான மெதுவலையே அதிகம். மூளையின் உட்பகுதியான தாலமஸ் பாதிக்கப்படும் இந்நோயில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வலிப்பு அடிக்கடி வரும். மலேசியாவில் 1998-99இல் பரவிய நிபா தொற்றில், ஆழ்ந்த கோமாவில் இருந்த சிலரிடம் இரு பொட்டுப் பகுதிகளிலும் தனித்தனியே மீளும் அலைகள் காணப்பட்டன. அவர்களின் முடிவு நல்லதாக இல்லை. கொரோனா நோயாளிகளிடம் பெரும்பாலும் கண்டது பரவலான மெதுவலை மட்டுமே. ஆக்சிஜன் குறைவு, மயக்க மருந்து, சிறுநீரகச் செயலிழப்பு என அவர்களிடம் பல காரணங்கள் பின்னியிருந்ததால், அந்த மெதுவலையை வைரஸின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. எச்ஐவி, இன்ஃப்ளூயன்ஸா, டெங்கு ஆகியவற்றிலும் தனித்த சாயல் கிடையாது.

வைரஸ் அல்லாத காரணங்கள்

மெதுவலையைக் கண்டவுடன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். புரோபஃபால், மிடாஸோலாம் ஆகிய மயக்க மருந்துகள் முதலில் வேகமான பீட்டா அலையைக் கூட்டி, அளவு ஏறும்போது அலைவெடிப்பு-அமைதி நிலைக்குக் கொண்டுசெல்லும்; அதை நோயின் தீவிரம் என்று எண்ணிக் குடும்பத்தாரிடம் நம்பிக்கையிழந்து பேசிவிடக்கூடாது. செஃபபைம் என்ற ஆன்டிபயாட்டிக், சிறுநீரகம் பழுதானவர்களிடம் ஜிபிடி அலைகளோடு கூடிய மயக்கத்தை உண்டாக்கும். அசைக்ளோவிரே சிறுநீரகப் பழுதில் உடலில் தங்கிக் குழப்பத்தையும் உதறலையும் தரவல்லது. சோடியம் குறைதல், சர்க்கரை குறைதல், அம்மோனியா கூடுதல் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

அறிக்கையும் அடுத்த நடவடிக்கையும்

அறிக்கையின் முதல் வரி, கேட்ட கேள்விக்கான விடையாக இருக்கட்டும். “வலிப்பு உண்டு, மணிக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு நிமிடம், வலப் பொட்டுப் பகுதியில் தொடங்குகிறது” என்பது சிகிச்சைக்கு உதவும் வரி. “மிதமான கோளாறு, மருத்துவ நிலையோடு ஒப்பிடவும்” என்பது உதவாத வரி. வலிப்பு, தொடர்வலிப்பு நிலை, புதிதாக வந்த எல்பிடி, திடீரென ஒரு பக்கம் அலை தணிதல், பரவலான அமைதி ஆகியவற்றை உடனே வாய்மொழியாகச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதிவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தணிந்தால் ரத்தக் கசிவோ வீக்கமோ இருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும். இயல்பான இஇஜி மூளையழற்சியை இல்லை என்று ஆக்கிவிடாது என்பதையும், தேவைப்படும் இடத்தில், சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு உறுதியானால் பென்சோடயஸபினும், அதைத் தொடர்ந்து லெவடிராசெட்டம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்புரோயேட் ஆகியவற்றில் ஒன்றும் என்பதே பொதுவான வரிசை. எதைத் தேர்வது என்பதில் வைரஸ் நோயாளியிடம் தனிக் கவனம் வேண்டும். தட்டணுக்கள் குறைந்தவருக்கும் ஈரல் கெட்டவருக்கும் வால்புரோயேட் உகந்ததன்று. ஃபெனிட்டாயினும் கார்பமஸபினும் எச்ஐவி மருந்துகள் பலவற்றின் அளவைக் குறைத்துவிடும். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிருடன் அவற்றைச் சேர்க்கவே கூடாது. லெவடிராசெட்டத்துக்கு இச்சிக்கல்கள் குறைவு; ஆனால் சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும், ஏற்கெனவே கிளர்ச்சியுற்றிருப்பவரை அது மேலும் கிளர்ச்சியுறச் செய்யலாம். மருந்து கொடுத்த பிறகும் பதிவு ஓட வேண்டும். கைகால் இழுப்பு நின்றதும் மின்முனைகளைக் கழற்றிவிடுவது, அடுத்த கட்ட வலிப்பைப் பார்க்கக் கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம். 24 மணி நேரம் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். மயக்க மருந்தை இறக்கும் வேளையில் கட்டாயம் பதிவு இருக்க வேண்டும், ஏனெனில் அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைதூக்குவது அப்போதுதான்.

பதிவு முடிந்ததும் ஒருமுறை பயன்படுத்திய மின்முனைகளைத் தொற்றுக் கழிவில் சேர்த்து, பெட்டி, கம்பிகள், விசைப்பலகை, கேமராத் தண்டு ஆகியவற்றைத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த கிருமிநாசினியால் துடைத்து, அது சொல்லும் நேரம்வரை ஈரமாகவே விடுங்கள். அவசரத்தில் உடனே உலர்த்தித் துடைத்தால் மருந்து வேலை செய்யாது.

வீடு திரும்பும் முன் ஒரு பதிவு எடுத்து, மூல அலைகளோடு சேமித்து வைப்பது பின்னாளில் பெரிதும் கைகொடுக்கும். ஹெர்பிஸ் மூளையழற்சியிலிருந்து தேறியவர்களில் சிலர், சில வாரங்கள் கழித்து மீண்டும் குழம்பி, தூக்கம் கெட்டு, குழந்தையாக இருந்தால் கைகால்கள் தாமாக நெளிய, திரும்பி வருவார்கள். வைரஸ் மீண்டும் தலையெடுத்ததா, அல்லது தொற்றைத் தொடர்ந்து மூளை நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான தன்னெதிர்ப்பு மூளையழற்சி தொடங்கிவிட்டதா என்ற கேள்வி அப்போது எழும். டெல்டா அலையின் முதுகில் வேகமான பீட்டா அலை ஏறிவரும், 2012இல் விவரிக்கப்பட்ட எக்ஸ்ட்ரீம் டெல்டா பிரஷ் என்ற சாயல் பதிவில் தெரிந்தால், அது இரண்டாவதன் பக்கம் கைகாட்டும். தெரியாவிட்டாலும் அந்நோய் இல்லை என்றாகாது. தண்டுவட நீரை மீண்டும் எடுத்து ஹெர்பிஸ் பிசிஆர், எதிர்ப்பணு இரண்டையும் அனுப்புங்கள். பிசிஆர் முடிவு வரும்வரை அசைக்ளோவிரை மீண்டும் தொடங்கி ஓடவிடுங்கள். புதிய இஇஜியை, வீடு திரும்பும் நாளில் எடுத்து வைத்த பழைய பதிவோடு ஒரே அமைப்பில் அருகருகே திறந்து ஒப்பிட்டு, மாறியது எது, மாறாதது எது என்று அறிக்கையில் தனித்தனியே எழுதுங்கள்.